புகார் ஃபாரம் யார் கையில? அமெரிக்க காங்கிரஸ் நீதிக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். தமிழ்ல எழுதினா நீங்க படிக்கப் போறதில்ல, தெரியும். உங்களுக்கு ஓட்டுப் போடுற நம்ம ஆளுங்களாவது படிக்கட்டும்.

1996ல கிளின்டன் கையெழுத்துப் போட்ட கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தைப் பத்திதான் பேச்சு. வார்டன் அடிச்சாலும் சரி, மருந்து குடுக்காம விட்டாலும் சரி, ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகணும்னா ஜெயிலோட புகார் நடைமுறையைக் கடைசி அப்பீல் வரைக்கும் முடிச்சிருக்கணும். ஜாமீனுக்குக் காசில்லாம கவுன்ட்டி ஜெயில்ல கெடக்குற விசாரணைக் கைதிக்கும் இதேதான். கைதி கேக்குறது நஷ்டஈடு, அந்த நடைமுறைல நஷ்டஈடே கிடையாது, அப்பவும் முடிச்சிட்டுதான் வரணும்னு 2001ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

முதல்ல உள்ள சொல்லிப் பாருன்னு சொல்றது நியாயம்தான், அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா கெடு வைக்கிறது யாரு? யார் மேல புகாரோ அதே நிர்வாகம். கலிஃபோர்னியா கைதி ஒருத்தருக்கு இருந்த கெடு 15 வேலை நாள், அதைத் தாண்டிக் குடுத்தாரு, லேட்டாக் குடுத்த புகார் கணக்குலயே வராதுன்னு 2006ல தீர்ப்பு. அதே மாநிலத்துல வெளிய இருக்குறவர் போலீஸ் அடிச்சதுக்குக் கேஸ் போட 2 வருஷம் டைம் இருக்குங்க!

பேருக்கு மட்டும் இருக்குற நடைமுறையையோ மிரட்டித் தடுத்ததையோ முடிக்க வேண்டாம்னு 2016ல ராஸ் வழக்குல சொன்னாங்க, நல்லது, ஆனா மிரட்டினாங்கன்னு நிரூபிக்கிறது எப்படி? மிச்சிகன்ல ஒரு கைதி, பாலியல் தொல்லை குடுத்த அதிகாரியே தன் புகார் ஃபாரங்களைக் கிழிச்சுப் போட்டாருன்னு சொன்னாரு. புகாரைத் தடுத்தாங்களாங்கிறதும் மெயின் கேஸும் இப்படி ஒண்ணாப் பின்னிக் கெடந்தா ஜூரிதான் முடிவு பண்ணணும்னு 2025 ஜூன்ல தீர்ப்பு வந்துச்சு, அதுவும் 5க்கு 4ன்னு மயிரிழைல.

1980ல நீங்க போட்ட பழைய சட்டத்துல, ஜெயில் புகார் நடைமுறை குறைஞ்சபட்ச தரத்துல இருக்குன்னு அட்டர்னி ஜெனரலோ கோர்ட்டோ ஒத்துக்கிட்டாதான் கைதியை அங்க அனுப்ப முடியும், அப்பவும் கேஸைத் தள்ளுபடி பண்ணாம கொஞ்ச நாள் நிறுத்திதான் வைப்பாங்க. 1996ல அதைத் தூக்குனது நீங்கதான். திருப்பிக் கொண்டு வாங்க. கூடவே புகார் வாங்கினதுக்குத் தேதி போட்ட ரசீது ஒண்ணு, பார்சல் அனுப்பினாக்கூடக் குடுக்குறாங்களே அது மாதிரி, கைதி கையிலயே குடுக்கணும்னு சட்டத்துலயே எழுதுங்க.