கண்ணாடியைக் காப்பாற்றிய அத்தைக்கும் மற்ற எல்லோருக்கும்

சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி என் டெலஸ்கோப்பில் ஓரியன் நெபுலா படம் கிடைத்துவிட்டது. விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம் அது. நெபுலாவின் நடுவில் இருக்கும் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனியாக, சுத்தமாக விழுந்திருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. நன்றி சொல்வதைத் தள்ளிப்போடவும் மனம் வரவில்லை, அதனால் விடிவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பழையாற்று வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்த அந்த நாட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அப்பா இப்போது நன்றாக நடக்கிறார். அது போதும்.

பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் எங்கள் வீட்டுக்குள் முதலில் போனவர் அவர்தான். சான்றிதழ்களையும் துணிமணிகளையும் எடுத்து மேலே வைத்தார். அப்புறம், டெலஸ்கோப்பில் இருந்து கழற்றிப் பெட்டியில் வைத்திருந்த எட்டு அங்குலக் கண்ணாடி சேறு அப்பிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்.

நம் வீட்டு முகக்கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் இருக்கும், முன்னால் எப்படித் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. டெலஸ்கோப் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சேற்றில் இருக்கும் மணலோடு ஒரு தடவை துணி வைத்துத் தேய்த்தால் கீறல் விழுந்துவிடும். கீறலில் பட்ட வெளிச்சம் சிதறும், மங்கலான நெபுலா அந்தச் சிதறலில் அமுங்கிப் போகும். பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்கு நம் பக்கத்தில் வழியும் இல்லை.

யாராக இருந்தாலும் முந்தானையால் ஒரு துடை துடைத்திருப்பார்கள், அதுவும் நல்ல மனசோடுதான். அத்தை துடைக்கவில்லை. அகலமான ஒரு சருவத்தின் அடியில் துணி விரித்து, பளபளப்பான பக்கம் மேலே பார்க்கும்படி கண்ணாடியை வைத்து, அது முங்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தார். சேறு இளகி இறங்கியதும் அந்தத் தண்ணீரை மாற்றியும் இருக்கிறார். தெருவில் எல்லாக் கிணறும் கலங்கிக் கிடந்த நேரம் அது. வீட்டில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரைத்தான் என் கண்ணாடிக்கு ஊற்றினார்.

எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "காஞ்ச சேறு தேய்ச்சாத்தானே மக்கா போகும். இதைத் தேய்க்கப்பிடாது, கையே படப்பிடாதுன்னு அன்னைக்கு மாடியில வச்சு நீதானே சொன்ன. அதான் காயவிடல்ல" என்றார்.

சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்க்கத் தெருவே எங்கள் மொட்டைமாடிக்கு வந்த ராத்திரியில், சின்னப் பிள்ளைகள் குழாய்க்குள் கைவிடப் போனபோது நான் சொன்ன வார்த்தை அது. அத்தை ஓரமாக நின்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுப்பு எரிகிறது என்று கீழே போய்விட்டார். அவர் மனதில் அது நின்றிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நமக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி யாரிடமோ பேசுகிறோம், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பேச்சு எங்கே போய்த் தங்குகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

நான் வந்து செய்ததெல்லாம் கொஞ்சம்தான். தண்ணீரில் மெல்ல அலசி, ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் கலந்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் இழுத்து, கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சாய்த்து வைத்தேன். அந்த டிஸ்டில்டு வாட்டருக்குப் பேட்டரி கடை அண்ணன் காசு வாங்கவில்லை. டெலஸ்கோப்பைத் தாங்கி, வானத்தின் நகர்வுக்கு ஏற்பத் திருப்பும் மவுண்ட்டின் சர்க்யூட் போர்டை ஆல்கஹாலில் கழுவி உயிர் கொடுத்த மொபைல் கடைத் தம்பி, ஹார்டு டிஸ்க்கில் இருந்த பழைய படங்களை மீட்டுக் கொடுத்த நண்பர், அப்பாவுக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த அக்கா, வீட்டில் இருந்து சேறு அள்ளிய இளைஞர்கள், எல்லோருக்கும் நன்றி. நேற்று என்னோடு விழித்திருந்த நண்பனுக்குத் தனியாக ஒரு நன்றி. மவுண்ட்டை நேர் செய்யத் துருவ நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார்கள். அது நம் ஊரில் அடிவானத்தில் இருந்து 8 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், எங்கள் மாடியில் இருந்து பார்த்தால் தென்னந்தோப்பு அதை மறைத்துவிடும். அது இல்லாமல், வேறு நட்சத்திரங்கள் நகரும் போக்கைப் பார்த்துப் பார்த்து மவுண்ட்டை நேர் செய்து கொடுத்தவன் அவன்.

இனி அமாவாசையை ஒட்டி வானம் தெளிந்திருக்கும் ஏதாவது ஒரு ராத்திரியில், மாதம் தவறாமல், எங்கள் மாடி தெருவுக்குத் திறந்திருக்கும். அன்று படம் எடுக்க மாட்டேன், பார்க்க மட்டும்தான். ஏப்ரலில் ஒமேகா சென்டாரியைக் காட்டுகிறேன். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே பந்தாகச் சேர்ந்த கூட்டம் அது. டெல்லியில் 14 டிகிரிக்கு மேல் ஏறாது, நமக்கு 34 டிகிரி வரை ஏறும். முதலில் அத்தைதான் பார்க்க வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

தார்ப்பாயும் எமர்ஜென்சி லைட்டும் தந்தவர்களே, அவை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. கழுவிக் காயவைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.