படுக்கைக் கணக்கு போதுமா?

ஆசிரியருக்கு,

வீடற்றோர் காப்பகங்களில் எத்தனை படுக்கைகள் நிரம்பின என்பதையே சாதனையாகக் காட்டுகிறார்கள். நிரம்பிய படுக்கை என்றால் ஒருவருக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை என்றுதானே பொருள்? அமெரிக்காவில் ஜனவரியின் கடைசிப் பத்து நாட்களில் ஓர் இரவு தலைக்கணக்கு எடுக்கிறார்கள். அன்று நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்தவர் அதில் வரமாட்டார். ஒருவர் எத்தனை நாள் வீடின்றித் தவித்தார், வீடு கிடைத்து இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தெருவுக்கு வந்தாரா என்றும் அங்கே ஊரளவில் பார்க்கிறார்கள்; எனக்கு இதுவே சரியான அளவுகோலாகப் படுகிறது. ஒரே ஆளை மூன்று அமைப்புகள் தனித்தனியே பதிந்து, மூவருக்கு உதவியதாக அறிக்கை விடும் கூத்தும் பொதுப் பதிவேடு இருந்தால் குறையும். அந்த மனிதரும் தன் கதையை மூன்று மேசைகளில் ஒப்பிக்க வேண்டியிராது.

– ஒரு வாசகர்