பேர் இல்லாத பதக்கம்

பண்டாரவளை,
நவம்பர் 2

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை நேற்று இரவு அம்மாவும் நானும் இரண்டு தரம் போட்டுக் கேட்டோம். உன் வேலைத்தளத்தில் போர்வீரர் நினைவு நாளான 11ஆம் திகதிக்காக எல்லோரும் சிவப்புப் பொப்பிப் பூ குத்தியிருக்கிறார்கள், பக்கத்து மேசைப் பிள்ளை தன் பூட்டனாரின் படத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், "நம்ம தாத்தாவும் பட்டாளத்தில இருந்தவர்தானே அப்பா, நானும் குத்தலாமா?" என்று கேட்டிருந்தாய்.

குத்து மகள். தாராளமாகக் குத்து. ஆனால் தாத்தாவுக்காகக் குத்துகிறாய் என்றால் அவர் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டு குத்து.

இன்று காலை றங்குப்பெட்டியைத் திறந்தேன். அப்பாயியின் பழைய சேலைத் துண்டில் தாத்தாவின் யுத்தப் பதக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜாவின் தலை. மறுபக்கம் இரட்டைத் தலை நாகம் போன்ற ஒன்றை மிதித்து நிற்கும் சிங்கம், மேலே 1939, 1945. நாடாவின் சிவப்பும் நீலமும் மங்கிவிட்டன. வருஷத்துக்கு ஒரு முறை, தாத்தாவின் திவசத்துக்கு முதல் நாள், அப்பாயி அதைத் திருநீறு போட்டுத் தேய்ப்பா. தேய்த்துத் தேய்த்தே ராஜாவின் மூக்கு மழுங்கிவிட்டது. விளிம்பைச் சுற்றிப் பார்த்தாலும் தாத்தாவின் பேர் எங்கேயும் இல்லை. அந்தப் பதக்கங்களைப் பேர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள்.

தேயிலைத் தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்தவர் யுத்தம் வந்ததும் பட்டாளத்து லொறிக்குச் சாரதியானார். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், 9ஆம் திகதி திருகோணமலையில். தாத்தா அடுத்த நாட்களில் அங்கே சாமான் ஏற்றிப் போனவர். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்காக நின்றதாம். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் மணம் பட்டாலே சோற்றை ஒதுக்கிவிடுவார். 1944இல் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கேயும் சுமை இறக்கியிருக்கிறார்.

யுத்தம் முடிந்து தோட்டத்துக்கே திரும்பினார். 1947 தேர்தலில் வாக்குப் போட்டார். அந்த முறை நம் மலையகத் தமிழ் மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே நம் மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அவர் பேர் பட்டியலில் இல்லை.

பிரஜையாகப் பதிய மனுப் போட்டு விசாரணைக்குப் போனபோது நெஞ்சில் பதக்கத்தைக் குத்திக்கொண்டுதான் போனாராம். தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததற்குச் சாட்சி கேட்டார்கள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பேர்ப் பதிவேட்டில், இடையில் சில வருஷம் அவர் பேர் இல்லை. பட்டாளத்தில் இருந்த வருஷங்கள்தான் அவை. பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அங்கே இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் உன் பேர் இல்லையே, உன்னுடையது என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். தாத்தா இதை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னார், கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படியில் உட்கார்ந்து. 1979இல் கண்ணை மூடும்வரை எந்த நாடும் அவரைத் தன் பிரஜை என்று சொல்லவில்லை. என் மனம் இன்றைக்கும் அதற்கு ஆறவில்லை.

உன் பொப்பிப் பூவுக்கும் இங்கே ஒரு கதை உண்டு. அந்தப் பூ விற்ற காசில் பெரும்பங்கு இங்கிலாந்துப் போர்வீரர்களுக்கே போகிறது என்று 1930களில் நம் நாட்டு இளைஞர்கள் அதே நாளில் பூவரசம்பூ விற்றார்கள். சூரிய மல் இயக்கம் என்பார்கள். அதற்காகப் பொப்பியை வெறுக்க வேண்டாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்டியில் போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? புல் ஒட்ட வெட்டிய சரிவில் வரிசை வரிசையாகக் கற்கள். இங்கிலாந்து, கிழக்கு ஆபிரிக்கா, இலங்கை, நீ இப்போது இருக்கிற கனடா என்று பல நாட்டுப் பிள்ளைகள். "எல்லாருக்கும் பேர் எழுதியிருக்கு அப்பா" என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கீழ் வீட்டுச் சிங்கள அம்மே இந்த வருஷமும் செத்துப்போன மகனின் நினைவாகத் தானம் கொடுத்தா. இராணுவத்தில் இருந்து 2000ஆம் ஆண்டு வடக்கு யுத்தத்தில் செத்த பிள்ளை அது. அம்மா வழக்கம்போல விடியமுதல் போய்த் தேங்காய் துருவிக் கொடுத்தா. அந்தச் சீருடையைக் கண்டால் நாங்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடந்த காலம் உண்டு, அதை மறக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாயின் கண்ணீரில் எனக்கு வழக்கு இல்லை. தங்கள் பிள்ளையின் பேரை வெளியில் சொல்லி அழ முடியாமல் போன வடக்குத் தாய்மாரையும் அந்தப் பந்தியில் உட்கார்ந்துதான் நினைத்துக்கொள்கிறேன்.

பதக்கத்தைப் படம் பிடித்துத் தம்பி உனக்கு அனுப்புவான். உன் மேசையில் வைத்துக்கொள். ஒரு தாளில் தாத்தாவின் பேரைத் தகப்பன் பேரோடு பெரிய எழுத்தில் எழுதி, பதக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடுத்திருக்கிறோம். அப்பாயி ஆயுசுக்கும் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. நீ அங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் சத்தமாகச் சொல்லு.

அன்புடன்,
அப்பா