பெயர் மறந்தாலும்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லட்சுமி உன்னை அவள் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், 46 வருஷ வாழ்க்கை போனது போனதுதான் என்று எழுதியிருக்கிறாய். போகவில்லையப்பா. முதுமை மறதி நோயில் முன்னால் அழிவது பெயர்களும் நேற்று நடந்தவையும்தான். ‘இவர் எனக்கு வேண்டியவர்’ என்ற உணர்வு வெகுநாள் தங்கும். அண்ணன் என்கிறாளா, இருந்துவிட்டுப் போ. “நான் யாரு, சொல்லு பார்ப்போம்” என்று மட்டும் பரீட்சை வைக்காதே. கேட்டது மறந்துவிடும், பதில் சொல்ல முடியாமல் போன கலக்கம் மறையாது. “அம்மா எங்கே?” என்றால் செத்து இருபது வருஷம் என்று சொல்லாதே, ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் சாவு. அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றிக் கேள், பேசட்டும்.

பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கிறது என்றாயே, அதற்குப் பசியின்மைதான் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவள் கண்ணுக்குப் பிரிந்து தெரியாமல் போகலாம். சிவப்புத் தட்டில் போட்டுப் பார். வாழையிலை இன்னும் நல்லது, நம் பாட்டிமார் தெரியாமலே செய்த வைத்தியம்! வெள்ளைக் கழிவறையிலும் இதே சிக்கல்தான், இருக்கையை மட்டும் அடர்நிறமாக மாற்று.

குளிக்க அடம்பிடிப்பதற்கு, தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் காரணமாக இருக்கலாம். பழையபடி வாளியும் குவளையும் வை. வெதுவெதுப்பான தண்ணீர், முதலில் பாதம், பிறகு கை, தலை கடைசியில். தோளில் ஒரு துண்டு கிடந்தால் கூச்சம் குறையும்.

சாயங்காலம் “வீட்டுக்குப் போகணும்” என்று கதவைத் தட்டுவது பலருக்கும் உண்டு. இங்கே சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தானே இருட்டுகிறது, ஆறுக்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிடு. ஒலி 96.8 வானொலியில் பழைய பாட்டு ஓடட்டும். அப்படியும் அடங்காவிட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வா, ‘இதுதான் நம்ம வீடு’ என்று வாதாடாதே.

ஒன்றை நன்றாக நினைவில் வை. இரண்டே நாளில் குழப்பம் திடீரென்று கூடினால், நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருக்காதே. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு எதுவாகவும் இருக்கலாம், புது மாத்திரையாகவும் இருக்கலாம். அன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போ.

எல்பிஏ பத்திரத்தை, அதாவது அவளால் முடியாமல் போகும்போது அவளுக்காக முடிவெடுக்க உன்னை நியமிக்கும் பத்திரத்தை, இன்னும் எழுதவில்லை என்றாய், அது தள்ளிப்போடுகிற காரியமே இல்லை. தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவளுக்குப் புரியும்போதே முடிக்க வேண்டும். பெயர் மாறிப்போவதாலேயே புரியாது என்று நீ முடிவு கட்டாதே. அதைப் பார்த்துச் சான்று தர அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ இருக்கிறார்கள். எழுதாமல் விட்டால், தாலி கட்டியவன் என்பதற்காக மட்டும் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைத் தொட முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். உனக்கும் ஒன்று எழுதிவிடு. அவள் பத்திரத்தில் உனக்கு மாற்று ஆளாக மகளைப் போடு.

சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் வாழையிலை வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வருகிறேன். நான் அவளோடு இருக்கிறேன், நீ முடிவெட்டிக்கொண்டு வா.

உன்,
மாணிக்கம்