சிரட்டைக் கனலுக்கு ஒரு நன்றி

எங்கள் பங்கு மக்களுக்கு,

பெந்தெகோஸ்து ஞாயிறோடு, அதாவது ஜூன் 8-ஆம் தேதியோடு, பூசையில் குருவுக்கு உதவும் என் பீடப் பணி முடிந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள், இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டேன். கல்லூரிக்குத் திருச்சி போவதற்குள் சிலருக்கு நன்றி சொல்லாவிட்டால் மனசு கேட்காது. கோயிலில் மைக்கைப் பிடித்தால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தாத்தாவுக்கு. ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அந்த வழிபாட்டின் தொடக்கத்தில் மூட்டும் புதுத் தீக்காக நாங்கள் கோயில் முற்றத்தில் காய்ந்த ஓலையாகக் குவித்து வைத்திருந்தோம். கடற்காற்றில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஃபாதர் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், தொடக்கமும் முடிவும் என்ற பொருளில் அகரமும் னகரமும், 2025 என்ற எண்களும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்துக்கொண்டிருந்தார். அந்தத் தீயிலிருந்து கனல் எடுத்துத் தூபக்கலசத்தில் போடுவது என் வேலை. இடுக்கியோடு குனிந்தால் வெறும் சாம்பல்! ஓலை எரியும், கனல் தராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தாத்தா ஒரு குச்சியால் சாம்பலை விலக்கினார். அடியில் நாலைந்து சிரட்டைகள் செக்கச்செவேலென்று கிடந்தன. சாயங்காலமே எங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். “பைய எடு மக்ளே” என்றார், அவ்வளவுதான். அப்புறம் விளக்கணைத்த கோயிலுக்குள் திரிக்கு முன்னால் நான் வீசிப்போன புகையெல்லாம் அவருடையது.

அடுத்து ஃபாதர். பெரிய வியாழனன்று ‘உன்னதங்களிலே’ பாடி முடிந்தால், சனி இரவு அதே பாடல் வரும்வரை மணி கிடையாது, மரக்கட்டைதான். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். அந்த வியாழன் பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றம் வந்ததும் என் கை தானாக மணியை எடுத்து அடித்துவிட்டது. பூசை முடிந்து தலை குனிந்து நின்றேன். “ஏழு வருஷம் அடிச்ச கை, சட்டுனு நிக்குமா?” என்று சிரித்தார். பெண் பிள்ளைகளும் பீடப் பணி செய்யலாம் என்று ரோம் தெளிவாகச் சொன்னதே 1994-ல்தான். அம்மா சிறுமியாக இருந்தபோது இந்த அங்கியைத் துவைக்க மட்டும்தான் முடிந்ததாம், அவருடைய அண்ணனுக்காக.

விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கிவிட்டதால் வருமானம் இல்லாத வாரம் அது. அப்படியும் பெரிய வெள்ளி சிலுவைப் பாதைக்கு மணலில் ஜெனரேட்டரைத் தூக்கி வந்த அண்ணன்மாருக்கும், திருவிழிப்பு முடிந்து இரவு இரண்டு மணிக்குச் சுக்குக் காபி கொடுத்த பங்கின் சிறு குழுவான அன்பியத்து அக்காமாருக்கும் நன்றி. சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

ஈஸ்டருக்கு மறுநாளே போப் பிரான்சிஸ் இறந்தார். முந்தின நாள்தான் டிவியில் அவர் ஆசீர் வழங்கியதைப் பார்த்திருந்தோம். பெரிய வெள்ளியில் தொடங்கிய ஒன்பது நாள் செபமான இறை இரக்க நவநாளின் ஒன்பதாம் நாளும் அவர் அடக்கமும் ஏப்ரல் 26 அன்று ஒன்றாக வந்தன. ஆச்சி வீட்டுத் திண்ணையில் கூடும் எங்கள் ஏழெட்டுப் பேருக்கும் அன்று நடுவீட்டில் டிவி முன்னால் இடம். இறை இரக்கச் செபம் சொல்லும் மூன்று மணி ஆனதும் ஆச்சி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் செபமாலையை எடுத்தார். ரோமில் பூசை ஓடிக்கொண்டே இருந்தது, நாங்கள் இங்கே சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒன்பது நாளும் முட்டி வலியோடு எங்களுக்காகக் காத்திருந்த ஆச்சி, உங்களுக்கு நன்றி.

மே 8 காலையில் என் ரிசல்ட். இரவு ஒன்பதரைக்கு மேல், புதிய போப் தேர்வானதைச் சொல்லும் வெள்ளைப் புகை. அம்மா எதற்கு அதிகமாகச் சத்தம் போட்டார் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

என் சிவப்பு அங்கி இனி ஏழாம் வகுப்புத் தங்கைக்கு. கை நீளத்தை அம்மா மடித்துத் தைத்துவிட்டார். இடது கையில் பொரிகடலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. சிரட்டைப் பொறி பட்டது. தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.