வாகனத்துக்குக் கட்டளை எழுதும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் வாகன மென்பொருள் எழுதும் தம்பி, தங்கையருக்கு,

வணக்கம். நீங்கள் செய்து தரும் கேன் பஸ் (CAN bus, வாகனத்தின் அலகுகள் ஒன்றோடொன்று பேசும் கம்பி வலை) கருவிகளைப் பஞ்சிகாவத்தை, தெமட்டகொடைப் பக்கத்துக் கராஜ்களில் பொருத்திக் கொடுப்பது என் தொழில். உங்கள் மென்பொருள் கோடையும் (code) வாசிக்கிறவன் நான். வாசிக்காமல் பொருத்தப் பயம். ஒரு விசயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்: கட்டளைகளைக் கையாளும் ஃபங்ஷன்களுக்கு (கோடில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதிகளுக்கு) விளக்கம் எழுதுங்கள்.

சிக்னல்களை, அதாவது வாகனத்திலிருந்து வாசித்தெடுக்கும் அளவுகளைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. எந்த ஐடி (செய்தியின் அடையாள எண்), எந்த பிட்டில் தொடக்கம், எத்தனை பிட், எதால் பெருக்குவது, எதைக் கழிப்பது, எல்லாம் ஜேசன் (JSON) என்ற அட்டவணைக் கோப்பில் வரிசையாகக் கிடக்கிறது. அந்த அட்டவணையே அதற்கு விளக்கம். (பிட்டை எந்தப் பக்கமிருந்து எண்ணினீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன்.) ஓபிடி (OBD, வாகனத்தின் கோளாறு பார்க்கும்) முறையில் வரும் குளிர்நீர் வெப்பநிலைப் பைட்டில் 40ஐக் கழித்தால் செல்சியஸ் வரும். பிழையாகக் கழித்தாலும் திரையில் தவறான எண் தெரியும், அவ்வளவுதான்.

கட்டளை அப்படியல்ல, அது வாகனத்துக்குள் எழுதுகிறது, அதாவது வாகனத்தை இயக்கும் செய்தியை அனுப்புகிறது. ஃபோர்ட் வெளியிட்ட ஓப்பன்எக்ஸ்சி மென்பொருளைத் தழுவி எழுதிய கோடுகளில் இதைப் பார்க்கலாம். வெளியிலிருந்து ஒரு கட்டளைப் பெயர் வரும். ஜேசனில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு ஹேண்ட்லரின் (அந்தக் கட்டளையைக் கையாளும் ஃபங்ஷனின்) பெயர் மட்டும் இருக்கும். எந்த சிக்னலை எழுதுவது, எப்போது மறுப்பது என்ற முடிவெல்லாம் சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷனுக்குள். அட்டவணையைப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

அண்மையில் சிக்னல் லைட்டுக்கான ஒரு ஹேண்ட்லரை வாசித்தேன். வந்த சொல் 'இடது' என்றால் இடப்பக்க லைட். இல்லாவிட்டால் வலது. 'ஓஃப்' என்று வந்தாலும் வலதுதான்! கராஜ் பாஸ் நிறுத்தச் சொல்லி அழுத்த, வலப்பக்கம் மினுங்கத் தொடங்கியது. எந்தச் சொற்களை ஏற்கும், மற்றதை என்ன செய்யும் என்று ஃபங்ஷனின் தலையில் இரண்டு வரி எழுத உட்கார்ந்திருந்தால், எழுதியவருக்கே அந்த ஓட்டை தெரிந்திருக்கும்.

அதே ஃபங்ஷனில் ஒரே செய்தியை 40 மில்லிசெக்கன்ட் இடைவெளியில் மூன்று முறை அனுப்புகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் கொமென்ட் (கோடுக்குள் எழுதும் குறிப்பு): 'மாற்ற வேண்டாம்'. ஏன் மூன்று, ஏன் 40? வாகனத்தின் சொந்த அலகு (உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) அதே ஐடியில் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதால், நம்முடைய ஒரு செய்தி உடனே அழிபட்டுப் போகும் என்பது காரணமாக இருக்கலாம். அப்படியானால் ஆபத்தையும் எழுத வேண்டும். ஒரே ஐடியில் இரண்டு அலகுகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் யார் முதலில் பேசுவது என்ற முன்னுரிமைப் போட்டியில் இரண்டுமே தோற்காமல் தப்பிவிடும். தரவுப் பகுதியில் பிட் வேறுபடும்போது பிழை வரும். அனுப்பியவரின் பிழைக் கணக்கு ஒவ்வொரு முறையும் 8 கூடும். 255ஐத் தாண்டினால் அந்த அலகு பஸ்ஸிலிருந்தே விலகிவிடும். விலகுவது நம் கருவி என்றால் போகட்டும், வாகனத்தின் சொந்த அலகு என்றால்? மூன்றும் நாற்பதும் அளந்து வந்தவையா, ஊகமா? ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. எந்த மாடலில், எந்த ஆண்டு வாகனத்தில், நின்றபடியா ஓடும்போதா சோதித்தீர்கள் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். வேறோர் இடத்தில் வைத்த ஆவணம் கோடு மாறும்போது கூடவே மாறுவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் பழைய ஜப்பான் ஹைபிரிட்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம், இன்னும் ஓட்டுகிறோம். வாகனங்கள் இங்கேயே இருக்கின்றன; ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கோடு எழுதிய பலர் மெல்பனுக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'ஏன் 40' என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், 'மறந்துட்டன் அண்ணே' என்றுதான் பதில் வருகிறது.

கொமென்ட் ஆங்கிலத்தில் இருக்கட்டும், எனக்குப் பிரச்சினையில்லை. கராஜுக்கு மட்டும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கம் தாருங்கள்: எந்தக் கட்டளை, எந்த வாகனத்துக்கு, எப்போது பாவிக்கக்கூடாது. நான் பொருத்தும் வாகனங்களின் மாடல், ஆண்டு, கண்ட கோளாறு எல்லாவற்றையும் உங்களுக்கு அனுப்பத் தயார்.

கதவுப் பூட்டைத் திறக்கும் ஹேண்ட்லரிலிருந்து தொடங்குங்கள். அதில் 'மாற்ற வேண்டாம்' என்றுகூட எழுதியில்லை.

இப்படிக்கு,
பஞ்சிகாவத்தையில் கருவி பொருத்தும் உங்கள் அண்ணன்