நாற்காலி வேண்டாம், கூட ஓர் ஆள் வேண்டும்

இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் திருச்சி, மதுரை, சென்னை அலுவலர்களுக்கும், இந்த மூன்று ஊர்களிலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் விடுகிற நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான், நாடு மட்டும் மாறும். பேரனுக்கு முதல் பிறந்தநாள், பேத்திக்குக் காது குத்து, மகன் வீட்டுப் புதுமனை புகுவிழா, மகள் பிரசவம் என்று வருஷம் முழுக்க யாராவது பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கால்நடைப் பண்ணைக்குள் சும்மா கிடக்கிறது. அதைத் திறந்து விமானம் விடுங்கள் என்று பலர் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது பெரிய இடத்து விவகாரம், நான் அதற்கு வரவில்லை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில்தான் இருக்கிறது. காரில் ஏறினால் ஊருக்குள் நுழையாமலே வந்துவிடலாம், எங்களுக்கு அதுவே போதும். கேட்க வந்தது வேறு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிற வயதானவர்களோடு தமிழ் பேசுகிற ஒருவர் விமான நிலைய வாசலிலிருந்து விமானக் கதவு வரைக்கும் நடந்து வர வேண்டும். அதற்கு இன்று ஒரே வழி சக்கர நாற்காலி கேட்பதுதான் என்று ஆகிவிட்டது. அதை மாற்றுங்கள்.

என் கூடப்பிறந்த ஆச்சியை, அதாவது என் அக்காவைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற கூட்டத்தில் வருஷம் தவறாமல் போகிறவர். வழியில் இளவட்டங்கள் கால் கொப்புளத்துக்கு மருந்து தேடும்போது, இவர் அடுத்த ஊர்ப் பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். டல்லாசில் இருக்கிற பேத்திக்கு டிசம்பரில் பட்டமளிப்பு. அதைப் பார்த்துவிட்டு, அங்கே இருக்கிற நம்மவர்களோடு பிள்ளையார் நோன்புக்கு இழையும் எடுத்துக்கொண்டு (நூல் திரியை மாவில் ஏற்றிச் சுடரோடு விழுங்குகிற எங்கள் வழக்கம்) வரலாம் என்று கிளம்பினார். தைப்பூசத்துக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. டிக்கெட் எடுத்த அவர் மகன், சக்கர நாற்காலி என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டார்.

ஆச்சிக்கு அது தெரியாது. விமான நிலையத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், யாருக்கு என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போன பையன் இருபது வயதுக்காரன், ஒல்லியானவன். பாதி வழியில் இவருக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, நீ கொஞ்ச நேரம் உட்காரு, நான் தள்ளுறேன்" என்று எழுந்துவிட்டார். பையன் பதறிப்போய், "ஐயோ ஆச்சி, கேமரா இருக்கு, என் வேலை போயிடும்" என்று மறுபடி உட்கார வைத்திருக்கிறான். இதை இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குத்தான் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு நடக்க முடியும் என்பது மகனுக்குத் தெரியாதா? அவர் பயம் வேறு. வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். உள்ளே போனால் எந்த வரிசை, எந்தக் கவுண்டர், பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறார்களா வளையலைக் கழற்றச் சொல்கிறார்களா, கேட் எண் மாறிவிட்டதா, ஒன்றும் பிடிபடாது. சில விமான நிலையங்களில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்பே கிடையாது, பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பலகையில் விமானத்தின் பெயர் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் எண்ணுமாக ஓடும். நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டுவதற்குள் அது அடுத்த பக்கம் போய்விடும். கணக்கு வழக்கையெல்லாம் தமிழிலேயே எழுதி, ஒரு பெரிய வீட்டையே நிர்வாகம் பண்ணிய பெண்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு அறிவு குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தபால் நிலையத்தில் மணியார்டர் படிவத்தை நீட்டி "கொஞ்சம் எழுதிக் கொடும்மா" என்று கேட்பவர்கள், தொகையையும் விலாசத்தையும் பிசகில்லாமல் சொல்வார்கள். பக்கத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும்.

பிள்ளைகள் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். ஆச்சியின் கைப்பையில் அவர் மகன் வைத்து அனுப்பிய காகிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டது. மேலே ஆங்கிலத்தில், இவர் என் தாயார், இவருக்கு ஆங்கிலம் தெரியாது, உதவி செய்யுங்கள் என்று ஒரு பத்தி. கீழே பெரிய தமிழ் எழுத்தில் கேள்வியும் பதிலும். "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?" என்றால் "கிராண்ட் டாட்டர் கிராஜுவேஷன்". "ஹவ் லாங்?" என்றால் "சிக்ஸ் வீக்ஸ்". கடைசி வரியில் மட்டும் ஆங்கிலம் இல்லை: "ஆத்தா, பதறாதீங்க, மெதுவாச் சொல்லுங்க." அந்த வரியைப் படித்ததும்தான் கொஞ்சம் தைரியம் வந்தது என்று ஆச்சி சொன்னார்.

சரி, நடக்கத் தெரிந்தவர் நாற்காலியில் போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் எங்கள் வீட்டுக்கே வந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு விமான நிலையத்தில், முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தும், நாற்காலி எல்லாம் போயிருக்கிறது, வரும் என்றார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கடந்து நாற்காலிகள் வரிசையாகப் போயின. அதில் ஒன்றில் போன எங்கள் ஊர்க்காரர், "அண்ணே, நாங்க முன்னாடி போறோம், வெளியே பார்ப்போம்" என்று கையாட்டினார். வெளியே அவர் மகனைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து விறுவிறுவென்று நடந்துபோனதை, அரை மணி நேரம் கழித்து வந்த எங்களிடம் டிரைவர் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வேறு என்ன வழி இருந்தது?

இதைவிடக் கொடுமை 2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது உங்களுக்கே தெரியும். நியூயார்க்கிலிருந்து வந்த வயதான தம்பதி, இருவருமே நாற்காலிக்குப் பதிந்திருந்தார்கள், கிடைத்தது ஒன்று. அதில் மனைவியை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்துபோன 80 வயதுப் பெரியவர், இமிகிரேஷன் வரிசையில் மயங்கி விழுந்து இறந்துபோனார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அவர்கள் வந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் நியாயம்தான். ஆனால் நாற்காலி பதிந்தவர்களில் எத்தனை பேருக்குக் கால் வலி, எத்தனை பேருக்கு வழி தெரியாத பயம் என்று பிரித்துப் பார்க்காதவரை, நீங்கள் எத்தனை நாற்காலி வாங்கிப் போட்டாலும் பற்றாது.

பிரித்துப் பார்க்க வழியில்லாமலும் இல்லை. விமான டிக்கெட் முறையில் நாற்காலிக்கே தனித்தனிச் சுருக்கெழுத்து இருக்கிறது. தூரம் நடக்க முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர்., படி ஏற முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ்., அசையவே முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. இதே பட்டியலில் எம்.ஏ.ஏ.எஸ். என்று இன்னொன்றும் உண்டு. எதிர்கொண்டு அழைத்து, கூட நின்று உதவுவது என்பதற்கான குறி அது. நாற்காலி தேவையில்லாத, துணை மட்டும் வேண்டிய பயணிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது! ஆனால் எங்கள் பிள்ளைகள் டிக்கெட் எடுக்கிற பக்கத்தில் அது கண்ணில் படுவதே இல்லை. நாற்காலிக் கட்டம் மட்டும் முன்னால் நிற்கிறது, அதற்குக் காசும் இல்லை. மகன் வேறு எதில் டிக் போடுவார்? நாற்காலிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே "நடக்க முடியும், தமிழ் பேசும் துணை வேண்டும்" என்று இன்னொரு கட்டம் வையுங்கள். நியாயமான கட்டணம் என்றால் கொடுக்கவும் தயார். ஒரு நாற்காலிக்கு ஓர் ஆள் என்பதற்குப் பதிலாக, அதே ஆள் நாலைந்து ஆச்சிமார்களை ஒன்றாக அழைத்துப் போகலாம். கோயிலுக்குப் போவதுபோல் பேசிக்கொண்டே போய்விடுவார்கள்.

இதை யாரிடம் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள் என்பதும் தெரியும், நானும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள்தானே. நாற்காலி விமான நிறுவனத்தின் பொறுப்பு, இமிகிரேஷன் உள்துறை அமைச்சகத்தின் கீழ், சோதனை போடுவது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை. ஆனால் கட்டடம் ஆணையத்தினுடையது. அதனால்தான் மடலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறும்போது நடப்பது உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். திருச்சியிலிருந்து கிளம்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எங்கள் பாட்டனார் காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. கப்பலில் போய் இறங்கினால், நம்மவர்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியிலிருந்து ஆள் வந்து நிற்பார், பெட்டியை வாங்கிக்கொள்வார், படுக்க இடமும் சாப்பாடும் தயாராக இருக்கும். கணக்குப் புத்தகமும் தமிழில்தான். பெண்கள் அன்று அநேகமாகப் போகவில்லை, வீட்டு வளவில் இருந்துகொண்டு கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் பேத்திகள்தான் இன்று தனியாக விமானம் ஏறுகிறார்கள். போய் இறங்குகிற இடத்தில் பிள்ளை நிற்பான். கிளம்புகிற இடத்தில்தான் யாரும் இல்லை.

பெட்டி விஷயமும் இதோடு ஒட்டியது. மணகோலமும் சீப்புச் சீடையும் கைமுறுக்கும் டின்னில் அடைத்துக் கொண்டுபோவதில் பெரிய சிக்கல் வருவதில்லை. சிக்கல் கொப்பரைத் தேங்காயில். எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பற்றும் என்று அதை அனுமதிப்பதில்லை. அதைத் தமிழில் யார் சொல்லியிருக்கிறார்கள்? கைப்பையில் வைத்த நெய்யும் ஊறுகாயும் திரவக் கணக்கில் சேர்ந்து 100 மில்லி லிட்டரோடு நின்றுவிடும் என்பதும் அங்கே போய்த்தான் தெரியும். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பது காரணம். காரணத்தைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஓர் இலைகூட எடுத்துப்போக மாட்டார்கள். காரணம் தெரியாமல், கொல்லையில் பறித்ததைச் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோய், அங்கே அதிகாரி முன்னால் விழிக்கிறார்கள். திருச்சி புது முனையத்தில் சுவர் நிறையச் சித்திரங்கள் வைத்திருக்கிறீர்கள், பார்க்க அழகாக இருக்கிறது. அதில் ஒரு சுவரில், எதை எங்கே கொண்டுபோகக் கூடாது என்று தமிழில் ஒரு பலகையும் மாட்டுங்கள். பெட்டியை ஒப்படைத்த பிறகு படித்துப் பயனில்லை, வாசலுக்கு வெளியே, வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற இடத்தில் மாட்டுங்கள். கழித்ததை அவர்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார்கள்.

சிங்கப்பூர் போகிறவர்கள் வருகை அட்டையை முன்கூட்டி இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது என்பதையும் அந்தப் பலகையிலேயே போட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு நிரப்பித் தருகிற கடைகளும் இணையத்தளங்களும் பெருகிவிட்டன.

ஆச்சி அடுத்து இன்னொரு பேரன் கல்யாணப் பேச்சுக்காகச் சிட்னிக்குப் போகப் போகிறார். டிக்கெட் எடுக்கும்போது நாற்காலிக் கட்டத்தில் டிக் போடக் கூடாது என்று மகனிடம் இப்போதே சண்டை. மகன் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. அதற்குள் அந்த இன்னொரு கட்டம் வந்துவிட்டால் சண்டை தீரும். இந்த மடலுக்குப் பதில் எழுதினால் தமிழிலேயே எழுதுங்கள், தெருவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து ஓய்வுபெற்ற தபால்காரி ஒருத்தி